மேலண்டையில் ஒருத்தன் வர்றான்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என் அம்மா அலுத்துக்கொள்வாள். பெண் பார்க்க வந்த அன்று கொஞ்ச நேரம் உட்காரு என்று சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தேன். ஆனால் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் என்னைப் பிடித்துப்போனது என்று அவர் பிற்பாடு சொன்னார். எங்கே வைத்துச் சொன்னார் என்றால், ஒரு பாழடைந்த மரவீட்டின் மாடியில், ஜன்னலுக்கு அடியில் இருவரும் குப்புறப் படுத்திருந்தபோது. வெளியே யாரோ எங்களைச் சுட்டுத் தள்ளுவதற்குத் தேடிக்கொண்டிருந்தான். அவர் கையில் துப்பாக்கி இருந்தது. என் கையில் ஓர் இரும்புச் சட்டி மட்டும்.

செல்போன் விளையாட்டுதான். ஆகாய விமானத்திலிருந்து நூறு பேர் குதிப்பார்கள், கடைசிவரை உயிரோடு இருப்பவர்கள் ஜெயித்தவர்கள். ஊரில் பாதிப் பையன்கள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி அதைத்தான் ஆடுகிறார்கள். நானும் அவரும் ஆடியது ஜெயிப்பதற்காக இல்லை. பேசுவதற்காக.

கல்யாணமாகி ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். அதில் பாதி விருந்துக்குப் போனதில் கழிந்தது. பிறகு அவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போய்விட்டார். கட்டட வேலையில் மேற்பார்வையாளர். அவர் இருக்கும் ஊரில் இணையம் வழியாகப் படம் வரும், எழுத்து வரும், குரல் மட்டும் போகாது. அங்கே அப்படி ஒரு சட்டம். ஆகவே கார்டு வாங்கிப் போட்டு, பழைய முறையில் நம்பர் அடித்து, வெள்ளிக்கிழமை ஒரு தடவை வீட்டுக்குப் பேசுவார்.

அந்த வெள்ளிக்கிழமைப் போன் இருக்கிறதே, அது ஒரு பஞ்சாயத்து. கூடத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் என் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார்கள். முதலில் மாமா. மேட்டூர் நிலவரம், நாற்றங்கால் நிலவரம், கூட்டுறவு வங்கியில் உரம் வந்ததா வரவில்லையா என்று எல்லாம் அவர்கள் இருவரும் பேசி முடிப்பார்கள். அப்புறம் அத்தை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே "சாப்பிட்டியா தம்பி" என்பார். சாப்பிட்டேம்மா என்று பதில் வரும். அதற்குள் கார்டு தீரப் போகிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். அப்போதுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேங்க." அவ்வளவுதான், அந்த வாரத்துத் தாம்பத்யம் முடிந்தது.

இந்த விளையாட்டில் மட்டும் குரல் போகிறது என்று கண்டுபிடித்தது அவருடைய அறைத்தோழர். ஒரே அணியில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மைக் வசதி இருக்கிறது. சட்டம் போட்டவர்கள் அதை விட்டுவிட்டார்கள் போல. "இத டவுன்லோடு பண்ணு, பேசலாம்" என்று எழுதி அனுப்பினார். நான் ஒரே நாளில் ஏற்றிவிட்டேன். இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஓர் அணியாக ஆடலாம். அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

நான் கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வெறும் வயிற்றில் வருபவர்களுக்காக விடியற்காலையே திறக்க வேண்டும். அதனால் மத்தியானமே வேலை முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடுவேன். எங்கள் வீட்டில் இணையச் சிக்னல் என்பது மொட்டைமாடியின் வடமேற்கு வாயு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே அவருக்கும் அதே நேரத்தில் ஓய்வு. கோடையில் உச்சிவெயில் நேரத்தில் வெளிவேலை செய்யக் கூடாது என்று அங்கே விதி. ஒரு சட்டம் கெடுத்ததை இன்னொரு சட்டம் கொடுத்தது என்று அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மாமாவிடமும் அத்தையிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். ஸ்டூல் மாடிக்கு வந்துவிடும். அவரும் வேண்டாம் என்றார்.

எங்கள் வழக்கம் இதுதான். மற்றவர்கள் எல்லோரும் ஆயுதம் நிறையக் கிடைக்கும் இடத்தில் குதிப்பார்கள். நாங்கள் வரைபடத்தின் ஓரத்தில், நாய்கூட எட்டிப்பார்க்காத இடத்தில் இறங்குவோம். ஒரு வீட்டுக்குள் போய்க் கதவுகளை எல்லாம் சாத்துவோம். பிறகு பேச்சு. அறைத்தோழரின் குறட்டை, என் பரிசோதனை நிலைய ஓனரம்மாவின் கஞ்சத்தனம், கத்தரிக்காய் பிடிக்குமா பிடிக்காதா என்பது வரைக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அத்தனையையும் துப்பாக்கிகள் சூழத்தான் தெரிந்துகொண்டோம். நிம்மதியாகப் பேச விடாது அந்த விளையாட்டு. வரைபடத்தில் ஒரு பெரிய வட்டம் இருக்கும், அது சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் தானாகச் செத்துப்போவார்கள். முக்கியமான விஷயத்துக்கு வரும்போதுதான் வட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஓடிக்கொண்டே பேசுவோம். எனக்கு அது பிடித்திருந்தது. உட்கார்ந்து பேசுவதுதான் எனக்கு வராதே.

முதல் சண்டையும் அங்கேதான் நடந்தது. விளையாட்டில் குண்டடி பட்டால் உடனே சாவதில்லை. மண்டிபோட்டு ஊர்ந்துகொண்டிருப்பார்கள், கூட்டாளி பக்கத்தில் வந்து எழுப்பிவிட வேண்டும். என் பிறந்தநாளை மறந்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒரு களத்துமேட்டில் அடிபட்டு விழுந்தார். "வா, வா, எழுப்பு" என்று கத்துகிறார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னிக்கு என்ன நாள்?" என்றேன். ஊர்ந்துகொண்டே யோசித்தார். கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பேச்சில் இரண்டு விசேஷங்கள் இருந்தன. ஒன்று திசை. மற்றவர்கள் லெஃப்ட், ரைட் என்பார்கள். எங்கள் பக்கத்தில் சோற்றுப் பானை எங்கே என்று கேட்டால்கூட "கீழண்டைச் சுவரோரம்" என்றுதான் பதில் வரும். ஆறு மேற்கே இருந்து வந்து கிழக்கே போகிறது, மேற்கு மேலண்டை, கிழக்கு கீழண்டை, அதை வைத்துத்தான் எங்களுக்கு எல்லாமே. திரையின் உச்சியில் திசைகாட்டி ஓடும் என்பதால் விளையாட்டில் அது வசதியாகவே இருந்தது. "மேலண்டை மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன்" என்றால் அவர் பார்க்காமலே திரும்பிச் சுடுவார். இதைக் கேட்டு அவர் அறையில் மற்றவர்கள் சிரிப்பார்களாம்.

இரண்டாவதுதான் தொல்லை. அவரை நான் எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் "ஏங்க" என்பேன். அதற்கு மேல் போனதில்லை. துப்பாக்கிச் சண்டையில் "ஏங்க, பாருங்க, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தர் வர்றாருங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர் அவரைச் சுட்டுவிட்டு, சட்டைப்பையைத் துழாவிவிட்டுப் போயே போய்விடுவார். "எதிரிக்கு என்னத்துக்குடி மரியாத? எனக்கும் வேணாம். வா, போன்னு சொல்லு" என்று கெஞ்சினார். ஒரு வாரம் வாய் வரவில்லை. பிறகு ஒருநாள் "குனிங்க" என்பது "குனி" ஆனது. அதற்கடுத்த வாரம் "குனிடா" ஆகிவிட்டது. அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் எதிரிக்கு எங்கள் இடம் தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

எதிரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு தடவை மைக்கை அணிக்கு மட்டும் என்று வைப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டேன். ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து, கல்லணை திறந்தும் நம் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் எட்டவில்லை, மாமா காலையும் மாலையும் மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பார்த்துவிட்டு வருகிறார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அடுத்த அறையிலிருந்து புதுக் குரல் ஒன்று கேட்டது. "எங்க ஊருக்கும் இன்னும் வரலைங்க. நாங்க மன்னார்குடிப் பக்கம்." அவ்வளவு பணிவாகச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் சுட்டான்.

போன ஆண்டு இப்படியே நன்றாகத்தான் போனது. இந்த ஆண்டு கோடை முடியும்போது அவருடைய ஒப்பந்தமும் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா, இல்லை ஊருக்குப் போகிறாயா என்று கம்பெனி கேட்டது. மாமா யோசிக்கவே இல்லை. நாங்கள் குத்தகைக்குச் செய்யும் நிலத்தின் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், விற்கப் போகிறார். அதை வாங்கிவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. அவருடைய அப்பா அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர், இவர் குத்தகைதாரர், மகன் சொந்தக்காரனாக வேண்டும். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? நானே கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். "இன்னும் ரெண்டே வருஷம் தம்பி, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று ஸ்டூலைப் பார்த்து மாமா சொன்னார். "சரிப்பா" என்றது ஸ்டூல்.

அந்தச் "சரிப்பா" எனக்கு ஆகவே இல்லை. கண்ணை மூடித் திறப்பது மாமாவுக்கு எளிது. எனக்கு இந்தப் புருஷன் ஒரு மாதமும் ஒரு குரலும்தான். இன்னும் இரண்டு வருஷம் போனால் குரல் மட்டும்தான் பழகியிருக்கும், ஆளைக் கண்டால் வெட்கப்பட்டு உள்ளே போய்விடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்த வாரங்களில் என் உடம்பில் எறும்பு ஊறிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றேன். ஒரு பெரியவர் கையில் நரம்பைத் தவறவிட்டு இரண்டாம் தடவை குத்தி, "என்னம்மா, நெனப்பெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்க வைத்தேன். வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை. வரும், வரும் என்று ஊரே மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சா?" என்று தினமும் மத்தியானம் கேட்பேன்.

"இல்ல."

"போடப் போறியா?"

"அப்பாதான் சொல்லிட்டாரே."

"உனக்கு என்ன தோணுது?"

"இரு, கீழ படியில சத்தம் கேக்குது. கதவச் சாத்து."

படியில் ஒரு பூனைகூட இருக்காது. பதில் சொல்லப் பிடிக்காதபோது எதிரியைக் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழக்கமாகிவிட்டது. நான் மட்டும் என்ன? வந்துவிடு என்ற ஒரு வார்த்தையை நானும் சொல்லவில்லை. நாக்கு நுனியில் நிற்கும். சொன்ன மறுநாள் அவர் வந்து, நிலமும் கைநழுவி, இங்கே வேலையும் கிடைக்காமல் போனால்? பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தவள் என்று காலத்துக்கும் என் பெயர்தான் நிற்கும். அதனால் கேள்வியாகக் கேட்டேனே ஒழிய, வா என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடக் கடைசி நாள் சனிக்கிழமை என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு மத்தியானம் அத்தை மாடியில் மோர்மிளகாய் காயப் போட்டிருந்தார். வழக்கமாக வெயில் தாழ்ந்துதான் அள்ள வருவார். அன்று திருப்பிப் போட முன்னதாகவே வந்துவிட்டார். தொட்டிக்கு மறுபுறம் நான் நடந்துகொண்டே ஆடிக்கொண்டிருந்ததால் எனக்குப் படியேறும் சத்தம் கேட்கவில்லை. விளையாட்டில் அவர் அடிபட்டு விழுந்து, நான் போய் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்திரிடா கிறுக்கா, நான் இருக்கும்போது தனியா எங்கடா ஓடுற?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், கையில் முறத்தோடு அத்தை.

"யாருகிட்ட பேசிட்டிருக்க?"

"உங்க பிள்ளகிட்டதான் அத்தை."

"அவன் வெள்ளிக்கிழமையிலதான பேசுவான்."

அத்தை கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் இருந்த கேள்வியை நான் பார்த்துவிட்டேன். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறான், மருமகள் தினமும் மத்தியானம் மாடியில் நின்று யாரையோ டா போட்டுப் பேசுகிறாள். இதற்கு ஊரில் என்ன அர்த்தமோ அந்த அர்த்தம்தான் அங்கே நின்றது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. காதில் இருந்த இயர்போனில் ஒன்றை உருவி, ஒரு எட்டு வைத்து, அத்தையின் காதில் செருகிவிட்டேன்.

குட்டை வயர் அது. இரண்டு தலையும் ஒட்டி நின்றால்தான் எட்டும். இரண்டு வருஷத்தில் நானும் அத்தையும் அவ்வளவு கிட்டத்தில் நின்றதில்லை. அவர் தலையில் விளக்கெண்ணெய் வாசம் அடித்தது. நாங்கள் வடக்கே பார்த்து, தொட்டி நிழலில், போனை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"என்ன, சத்தத்தையே காணும்? மூச்சு வாங்குது. மாடிப்படி ஏறுனியா?" என்றார் அவர், இரண்டு காதுகளிலும்.

அத்தை இருக்கிறார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். பேசாதே என்று அர்த்தம். முறம் கீழே இருந்தது.

"நீ சொல்ல வேணாம், நான் சொல்றேன். இன்னிக்குக் காலைல திரும்பவும் கண்ண இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. போன வாரம் மாதிரிதான். இந்தத் தடவ கீழயே விழுந்துட்டேன். வெயிலு அப்படி. பசங்க தூக்கிட்டுப் போயி தண்ணி ஊத்துனாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சிடக் கூடாது. தெரிஞ்சா தூங்காது."

போன வாரம் என்று எனக்கும் அவர் சொன்னதில்லை. அத்தையின் பிடி இறுகியது. ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேப்பர் வந்துடுச்சு. பேனாவ எடுத்தேன், வச்சேன். எடுத்தேன், வச்சேன். எல்லாரும் இரு, இருன்னு சொல்றீங்க. ஒருத்தராச்சும் வான்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? அப்பா சொல்ல மாட்டாரு, அம்மா சாப்பிட்டியாங்கும். நீகூடச் சொல்லல. போட்டாச்சா, போட்டாச்சான்னு பாங்குக்காரன் மாதிரி கேக்கற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரமும் வந்தது. இதை இத்தனை நாள் சொல்லாமல் வீட்டுக் கதவைச் சாத்து, ஜன்னலைச் சாத்து என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் மேல் ஆத்திரம். திரையில் அவர் உருவம் ஒரு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. என் உருவமும் நின்றது. வட்டம் சுருங்குகிறது என்ற எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் திரையின் இடது ஓரத்தில் ஒருவன் குனிந்தபடி ஓடிவந்தான். நான் பார்க்கவில்லை. அத்தை பார்த்துவிட்டார்.

"தம்பி, மேலண்டையில ஒருத்தன் வர்றான்டா."

திரையில் அவர் உருவம் சட்டென்று மேற்கே திரும்பியது. பிறந்ததிலிருந்து அம்மா சொன்ன திசைக்குத் திரும்பிப் பழகிய உடம்பு. அத்தை வடக்கே பார்த்து நின்றதால் திரையின் இடதுபக்கம் அவருக்கு மேற்கு. விளையாட்டில் என் உருவம் தெற்கே பார்த்து நின்றதால் திசைகாட்டிப்படி அது கிழக்கு. அவர் ஆளில்லாத வயலைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்க, வந்தவன் முதுகில் சுட்டான். அடுத்து என்னைச் சுட்டான்.

ஆட்டம் முடிந்தது. ஆட்டம் தொடங்கும் திரைக்குத் திரும்பிவந்து நாங்கள் இருவரும் வெறுமனே நின்றிருந்தோம். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் மைக் வேலை செய்யும்.

"அம்மா?" என்றார்.

"விழுந்தியாடா?"

"இல்லம்மா, சும்மா, இவகிட்ட..."

"அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"சரி. சாப்பிடு."

அத்தை இயர்போனைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். குனிந்து முறத்தை எடுத்தார். ஒவ்வொரு மிளகாயாகத் திருப்பிப் போட்டார், அவசரமே இல்லாமல். நான் ஏதாவது திட்டுவார் என்று நின்றேன். "தினமும் பேசுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். "இப்படித்தான் டா போட்டுப் பேசுவியா?" என்றார். விளையாட்டில்தான் அத்தை என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் நான் நடந்த நடையில் மாடித் தளம் தேய்ந்திருக்கும். அத்தை வாயே திறக்கவில்லை. மாமாவிடம் சொன்னாரா, சொல்லவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் வழக்கம்போலச் சோறு சாப்பிட்டார்கள், வாய்க்காலைப் பற்றிப் பேசினார்கள். அவரும் விளையாட்டுக்கு வரவில்லை. பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போனது. நான் தனியாக உள்ளே போய், முன்பின் தெரியாத யாரோடோ அணி சேர்ந்து, இறங்கிய உடனே செத்து வெளியே வந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டூல் வந்தது. மாமா துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அத்தை சுவரோரம். நான் சமையல்கட்டு நிலைப்படியில் நின்றேன், வழக்கம்போல. மணி அடித்தது.

"தம்பி, தண்ணி மதகு வரைக்கும் வந்துடுச்சு" என்று மாமா தொடங்கினார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் கேட்டு நாளாகியிருந்தது. "நாளைக்கு நம்ம வாய்க்கால்ல எறங்கிடும். அந்தச் சென்னைக்காரர்கிட்டயும் பேசிட்டேன், இன்னும் கொஞ்ச நாளு பொறுக்கறேன்னுட்டாரு. கையெழுத்துப் போட்டுட்டியா?"

"நாளைக்குத்தான்பா கடைசி."

"அப்ப நாளைக்குப் போட்டுடு."

"போடாத" என்றார் அத்தை.

மாமா திரும்பிப் பார்த்தார். சுவர் பேசியதைப் போல இருந்திருக்கும் அவருக்கு. "நீ சும்மா இரு, உனக்கு என்ன தெரியும்?"

"வெயில்ல ரெண்டு தடவ விழுந்திருக்கான். அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

மாமா போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் போனைப் பார்த்தார். "நெசமா தம்பி?"

"ஆமாம்பா."

"என்கிட்ட சொல்லலியே நீ."

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அவர் கனவில் இருந்த நிலம் அந்த வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

கார்டு தீரப் போகிறது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. என் முறை. நான் நிலைப்படியை விட்டு ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தேன்.

நல்லா இருக்கியா என்றுதான் கேட்பார் என்று நினைத்தேன். அதற்கான பதிலும் வாயில் தயாராக இருந்தது.

"நீ என்ன சொல்ற?" என்றார்.

ஸ்பீக்கரில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். ஒளிந்துகொள்ள வீடும் இல்லை, சாத்திக்கொள்ளக் கதவும் இல்லை. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் மாமாவின் முதுகு அசையவில்லை. பழி வந்தால் வரட்டும், இந்த ஆள் நாளைக்குப் பேனாவை எடுத்தால் கீழே வைக்க மாட்டான் என்று தோன்றியது. வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவரிடம் உண்மையைப் பேசும்போது எனக்கு வேறு பேச்சுப் பழக்கமில்லை.

"வாடா" என்றேன்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. மாமா திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டுச்சா தம்பி?" என்றார் அத்தை, சுவரில் சாய்ந்தபடியே. "வாடாங்கறா."

"கேட்டுச்சும்மா. வர்றேன்" என்றார்.

அதோடு கார்டு தீர்ந்து போன் அறுந்தது. யாரும் ஸ்டூலை எடுக்கவில்லை. மாமா வாசலிலிருந்து வந்து அதன்மேல் இருந்த போனை எடுத்து, அணைந்திருந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"திருச்சியிலதான எறங்குவான்? எந்த நாளுன்னு கேளு. கார் சொல்லணும்."

வாங்கிக்கொண்டு நான் மாடிக்கு ஓடினேன்.